டாக்கரில் போஸ்ட்கிரெஸ்: முதல் தொடக்கத்தில் வரும் சிக்கல்கள்

எங்கள் அலுவலகத்தின் ஜாங்கோ செயலியையும் அதற்கான போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் பல கன்டெய்னர்களை (தனித்தனியாக அடைக்கப்பட்ட மென்பொருள் சூழல்களை) ஒன்றாக இயக்கும் டாக்கர் கம்போஸ் கொண்டு புதிய சர்வர் ஒன்றில் அண்மையில் நிறுவினோம். முதல் முறை இயக்கியபோது, இணைப்பு மறுக்கப்பட்டதாகக் கூறிச் செயலி நின்றுவிட்டது. எதையும் மாற்றாமல் மறுபடி இயக்கியதும் ஒழுங்காக வேலை செய்தது. தானாகச் சரியாகும் பிழையை நம்பக்கூடாது என்பதால் லாகைப் படித்துப் பார்த்தோம். செயலி தரவுத்தளத்தைச் சார்ந்தது என்று குறிக்க டிபெண்ட்ஸ்_ஆன் (depends_on) என்று மட்டும் எழுதினால், தரவுத்தளக் கன்டெய்னர் தொடங்கிவிட்டதா என்பதைத்தான் கம்போஸ் கவனிக்கிறது. உள்ளே போஸ்ட்கிரெஸ் இணைப்பை ஏற்கும் நிலைக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பதில்லை. முதல் முறை தரவுக் கோப்புறையையே உருவாக்க வேண்டியிருப்பதால் தாமதம் கூடுகிறது. கன்டெய்னரின் நிலையைச் சோதிக்கும் ஹெல்த்செக்கில், போஸ்ட்கிரெஸ் தயாரா என்று கேட்கும் பிஜி_இஸ்ரெடி (pg_isready) கட்டளையைச் சேர்த்து, செயலி காத்திருக்க வேண்டிய நிபந்தனையை, அந்தச் சோதனையில் தேற வேண்டும் எனப் பொருள்படும் சர்வீஸ்_ஹெல்தி (service_healthy) என்று மாற்றினோம்.

மறுமொழி:
ஹெல்த்செக் வைத்த பிறகும் இதே பிழை வந்ததை நான் கண்டிருக்கிறேன். கன்டெய்னரை உருவாக்கப் பயன்படும் அதிகாரபூர்வ போஸ்ட்கிரெஸ் இமேஜ், முதல் தொடக்கத்தில் தற்காலிக சர்வர் ஒன்றை எழுப்பி, தரவுத்தளத்தை உருவாக்கி, நாம் வைத்துள்ள தொடக்க எஸ்கியூஎல் கோப்புகளை ஓட்டி, அந்த சர்வரை நிறுத்திய பிறகே உண்மையான சர்வரைத் தொடங்குகிறது. தற்காலிக சர்வர், நெட்வொர்க் இல்லாமல் உள்ளேயே இணைய உதவும் யூனிக்ஸ் சாக்கெட்டில் மட்டுமே இயங்குகிறது. முகவரி தராத பிஜி_இஸ்ரெடியும் அதே சாக்கெட்டை நாடுவதால், நெட்வொர்க் (டிசிபி) வழியே வரும் செயலிக்கு இன்னும் இடமில்லாத நேரத்திலேயே 'தயார்' என்று சொல்லிவிடுகிறது. தொடக்கக் கோப்புகள் பெரிதாக இருந்தால் இந்த இடைவெளி நீளும். கட்டளையும் டிசிபி வழியே சோதிக்கும்படி அதில் ஹோஸ்ட் 127.0.0.1 என்று குறித்ததும் பிழை நின்றது.

மறுமொழி:
கடவுச்சொல்லை மாற்றியும் பலிக்காத விஷயமும் இதே முதல் தொடக்கத்தைச் சார்ந்ததுதான். போஸ்ட்கிரெஸ்_பாஸ்வேர்ட் என்ற சூழல் மாறி, தரவுக் கோப்புறை காலியாக இருக்கும்போது மட்டுமே பயன்படுகிறது. தரவைக் கன்டெய்னருக்கு வெளியே சேமித்து வைக்கும் வால்யூமில் ஏற்கெனவே தரவு இருந்தால், அந்த மாறியை மாற்றினாலும் பழைய கடவுச்சொல்லே நீடிக்கும். வால்யூமை அழித்துவிட்டு மீண்டும் இயக்கும்படி பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். சோதனைக் கணினியில் அதைச் செய்யலாம். வாடிக்கையாளர் தரவு உள்ள சர்வரில் ஆல்டர் யூசர் கட்டளையால் மாற்றுவதே முறை. போஸ்ட்கிரெஸ் 18ஆம் பதிப்புக்குச் செல்பவர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த இமேஜில் வால்யூமை முன்புபோல் 'டேட்டா' கோப்புறையில் அல்லாமல், அதற்கு ஒரு படி மேலுள்ள கோப்புறையில் இணைக்க வேண்டும்.