அம்முச்சியின் சேலைக்கரையும் 1080பி பிளேயரும்

அண்ணன் கல்யாணம் கோபியில் 2007-இல் நடந்தது. வீடியோக்காரர் மினி டி.வி. (MiniDV) என்கிற சின்ன கேமரா டேப்பில் எடுத்து, டிவிடி போட்டுக் கொடுத்தார். பழைய டப்பா டிவியில் குறையே தெரியவில்லை. ஃபுல் எச்டி டிவி வந்ததும் முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல ஆகிவிட்டது. ஈரோட்டுக் கடையில் கேட்டதற்கு, "இந்த பிளேயர்ல போடுங்க, டிவிடியும் எச்டி ஆயிருமுங்க" என்றார்கள். வாங்கினேன். திரை மூலையில் 1080பி என்று வந்தது.

மாப்பிள்ளையின் சகோதரி செய்யும் இணைச்சீரில் அக்காவுக்குப் பின்னால் அம்முச்சி, அம்மாவின் அம்மா, நிற்கும் இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். அம்முச்சி நடமாடுவதாக எங்களிடம் இருப்பது அந்த ஒரு வீடியோதான். சேலைக்கரையில் பொடிக் கட்டம் இருக்கும். அது வெறும் மஞ்சள் பட்டையாக நின்றது. ஓரம் மட்டும் கூராகி, அதையொட்டி வெள்ளைக் கோடு ஒன்று.

டிவிடி படத்தில் 720க்கு 576 புள்ளி, சுமார் 4 லட்சம். திரையில் 1920க்கு 1080, 20 லட்சத்துக்கு மேல். ஐந்தில் நாலு புள்ளியைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து பிளேயரே கணக்குப் போட்டு நிரப்புகிறது. தறியில் விடாத இழை இஸ்திரி போட்டால் வருமா?

அப்புறம் வீடியோக்காரரிடம் அந்த டேப்பையே கேட்டு வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அதுவும் 720க்கு 576தான். ஆனால் டேப்பில் நொடிக்கு 25 மெகாபிட் படத்தகவல் இருக்கிறது. டிவிடியில் 10கூடக் கிடையாது, அவ்வளவு நசுக்கியிருக்கிறார்கள். கட்டம் வரவில்லை. அம்முச்சியின் தோட்டில் கல் மினுங்குவது தெரிந்தது. அம்மா அதையே நாலு தடவை போடச் சொன்னார். உங்கள் வீட்டு டேப் இன்னும் வீடியோக்காரரிடம் இருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள். பூஞ்சை பிடித்துவிட்டால் அதுவும் போச்சு.

—

மேலே இருப்பதைப் படித்துவிட்டு, வேறொரு வாசகர் நான் பெருந்துறையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நேர் எதிர்க் கதை. எச்டி பாக்ஸ், எச்டி சேனல், மாசாமாசம் கூடுதல் பணம், எல்லாம் இருந்தும் ஏழெட்டு மாதம் மங்கலாகவே பார்த்தோம். மாட்ட வந்த தம்பி சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயரைச் செருகிவிட்டுப் போயிருந்தார். அந்த மஞ்சள் ஒயரில் எச்டி படம் வரவே வராது. பாக்ஸ் படத்தைச் சின்னதாக்கி அனுப்பும், டிவி திரும்பப் பெரிதாக்கிக் காட்டும். லீவுக்கு வந்த மச்சான் அதைக் கழற்றிவிட்டு, எச்டி படத்தை அப்படியே கொண்டுவரும் எச்டிஎம்ஐ ஒயரைச் செருகினார். அன்றைக்குக் கிரிக்கெட்டில் பந்தின் தையல் தெரிந்தது.