மறு: பட்டியல் வரிகளுக்கு ‘மறுசுழற்சி’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆண்ட்ராய்டு செயலிகளில் நீளமான பட்டியலைக் காட்டும் ரீசைக்ளர்வியூவுக்கு (RecyclerView) ‘மறுசுழற்சிக் காட்சி’ என்ற தமிழ்ச் சொல் போன வாரம் இந்த இழையில் பரிந்துரையாக வந்தது. அது வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். காட்பாடியில் சனிக்கிழமைதோறும் கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்கு ஆண்ட்ராய்டு சொல்லிக்கொடுக்கிறேன். மறுசுழற்சி என்று சொல்லிப் பாடம் எடுத்த நாட்களில், பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைகள் தப்பாகவே வாங்கிக்கொண்டார்கள்.

மறுசுழற்சி என்றால் நமக்குத் தெரிந்தது பழைய காகிதத்தைக் கூழாக்கிப் புதுக் காகிதம் செய்வது, பிளாஸ்டிக்கை உருக்கி வேறொன்றாக வார்ப்பது. பழைய பொருள் அழிந்து புதியது பிறக்கிறது. பட்டியலில் எதுவும் அழிவதில்லை. ஆயிரம் பெயர் இருந்தாலும் திரையில் ஒரு நேரத்தில் தெரிவது எட்டோ பத்தோ வரிதான். ஆகவே அந்தப் பத்தும் கூடக் கொஞ்சமும் மட்டுமே உருவாக்கப்படுகின்றன. நாம் உருட்டும்போது மேல் விளிம்பைத் தாண்டிப் போன வரி, கீழே வந்து அடுத்த பெயரை ஏற்றுக்கொள்கிறது. நொடிக்கு 60 முறை வரையப்படும் திரையில் ஒரு முறைக்குக் கிடைப்பது 16 மில்லிநொடி சொச்சம். ஒவ்வொரு பெயருக்கும் புது வரி செய்துகொண்டிருந்தால் பட்டியல் திக்கித் திக்கித்தான் நகரும். 2014-ல் ரீசைக்ளர்வியூ வருவதற்கு முன்பு, ஆண்ட்ராய்டின் பழைய பட்டியல் கருவியான லிஸ்ட்வியூவிலும் இந்த ஏற்பாடு இருந்தது. ஐபோனில் பட்டியலைக் காட்டும் யூஐடேபிள்வியூவும் இப்படித்தான்.

இதை நாம் கல்யாண மண்டபத்தில் பார்த்திருக்கிறோம். ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு, நாற்காலி நூறுதான். முதல் பந்தி எழுந்ததும் அதே நாற்காலியில் அடுத்தவர் உட்காருகிறார். சாப்பிட்டு முடிக்கும் முன்பே பின்னால் ஒருவர் வந்து நின்றுகொள்வதும் உண்டு. நாற்காலி அதேதான், ஆள்தான் மாறுகிறார். இப்படிச் சொன்ன அன்று வகுப்பில் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

பந்தி என்ற உவமை எனக்குச் சும்மா தோன்றியதல்ல. வேலூரில் ஒரு காய்கறி மண்டிக்குச் செயலி எழுதிக்கொடுத்திருந்தேன். விவசாயி பெயர், சரக்கு, மூட்டை எண்ணிக்கை, பக்கத்தில் பணம் கொடுத்தாச்சா என்று ஒரு தேர்வுப்பெட்டி. மூன்றாவது நாளே மண்டிக்காரர் கூப்பிட்டார்: “இன்னாப்பா, நான் தொடவே இல்ல, இந்தப் பேர்ல டிக் நிக்குது?” மேலே ஒருவருக்குப் போட்ட டிக், உருட்டியதும் கீழே வேறொருவர் பெயரில் நின்றது. அந்த வேறொருவர் இலவம்பாடியிலிருந்து முள்ளு கத்திரிக்காய் கொண்டுவருபவர் (2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கத்திரிக்காய்). “உனக்குத்தான் கொடுத்தாச்சே” என்று அவரிடம் சொல்லியும் விட்டார்கள். நோட்டைப் புரட்டிப் பார்த்து அன்றே பணம் கொடுத்துவிட்டார்கள் என்றாலும், அந்த மனிதர் கடைவாசலில் நின்ற அரை மணி நேரம் எனக்கு மறக்கவில்லை.

தவறு என் நிரலில். பணம் கொடுத்திருந்தால் டிக் போடு என்று எழுதியிருந்தேன், கொடுக்காவிட்டால் டிக்கை எடு என்று எழுதவில்லை. முன்பு உட்கார்ந்தவரின் இலையை எடுக்காமலே அடுத்தவரை உட்கார வைத்திருக்கிறேன். மேலும் கீழும் உருட்டிப் படிக்க மட்டும் உள்ள பட்டியலில் இது பெரும்பாலும் கண்ணில் படாது, ஏனென்றால் பெயரும் எண்ணும் ஒவ்வொரு முறையும் மாற்றி எழுதப்பட்டுவிடும். தட்டுவது, டிக் போடுவது, விரித்துப் பார்ப்பது என்று பயனர் கைவைக்கிற பட்டியலில்தான் தலைகாட்டும். வரி தன்னிடம் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாம் தரவில் இருக்க வேண்டும், அமர்த்தும்போது ஒவ்வொன்றையும் புதிதாக எழுத வேண்டும். இந்த விதியைச் சொல்லே நினைவூட்ட வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் ‘பந்திப் பட்டியல்’ என்றுதான் முன்வைத்தேன். யாழ்ப்பாணத்து நண்பர் உடனே தடுத்தார். இலங்கையில் பந்தி என்றால் பத்தி. பள்ளிப் பிள்ளைகூட ‘முதலாம் பந்தியை வாசி’ என்பதை அப்படித்தான் புரிந்துகொள்ளும். பத்திகளின் பட்டியல் என்று அவர்கள் படித்தால் அது அவர்கள் குற்றமில்லை. அவர் சொன்னது சரி. பந்தி என்ற சொல்லை விட்டுவிடுகிறேன், அந்த உவமையை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

அப்படிப் பார்த்தால், ஒரு வரியின் காட்சியைத் தாங்கி நிற்கும் வியூஹோல்டருக்கு ‘இருக்கை’ பொருந்துகிறது. தரவை வரியில் சேர்ப்பதற்கு இதுவரை ‘பிணை’ என்று எழுதிவந்தோம். அதைவிட ‘அமர்த்து’ நன்றாக இருக்கிறது. பிணைத்தது பிரியாது, அமர்ந்தவர் எழுந்து போவார். பழைய இருக்கையில் புது ஆளை உட்கார வைப்பது ‘மறு அமர்த்தல்’. முழுப் பட்டியலுக்கும் ‘மறு அமர்த்தல் பட்டியல்’ என்பது கொஞ்சம் நீளம்தான், ஆனால் படித்ததும் விளங்கும். முந்தைய வரியின் நிலை ஒட்டிக்கொண்டு நிற்பதற்கு நான் கேட்பது ‘எச்சில்’. ‘எச்சம்’ நாகரிகமாக இருக்கும் என்று ஒரு மடல் வந்தது. எச்சம் என்றால் ஒருவருக்குப் பெயரெச்சமும் வினையெச்சமும் ஞாபகம் வரும், இன்னொருவருக்குக் காக்கை. எச்சில் என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம், கை தானாகத் துடைக்கப் போகும். அந்த அருவருப்பு நிரலருக்கு வேண்டும் என்று நினைக்கிறேன்.

வரியை ஓரமாக நகர்த்தி அழிப்பதற்கு ‘ஒதுக்கு’ என்று சென்ற மாதம் நானே சொன்னேன். நினைவக ஒதுக்கீடு ஏற்கெனவே புழங்குவதால் திரும்பப் பெறுகிறேன். மண்டியில் எல்லோரும் ‘தள்ளு’ என்றுதான் சொல்கிறார்கள், அதுவே போதும். வரிசை மாற்ற வரியின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கோடுகளுக்குப் ‘பிடி’. இதில் பெரிய விவாதம் தேவைப்படாது.

இன்னும் முடியாதது ஒன்று உண்டு. திரையை விட்டு வெளியேறிய வரியை ரீசைக்ளர்வியூ இரண்டு விதமாக வைத்திருக்கிறது. கடைசியாகப் போன இரண்டு வரிகளை அப்படியே, தரவோடு வைத்துக்கொள்ளும். நாம் உடனே திரும்பி உருட்டினால் மறுபடி அமர்த்தாமலே அவை வந்து நிற்கும். அதற்கும் முன்பு போனவை பொதுவான இடத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு வகை வரிக்கும் ஐந்து வரை அங்கே இருக்கும், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கப்படும். இந்த இரண்டு எண்களும் நாம் மாற்றாதவரை உள்ளவை. முதல் வகைக்கு எனக்குச் சொல் கிடைத்துவிட்டது. வேலூர் பேருந்து நிலையத்தில் குடியாத்தம் வண்டி வந்ததும் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அதுதான். ‘துண்டிட்ட இருக்கை’: அந்த ஆள் வந்தால் மட்டுமே அந்த இடம்.

இரண்டாவதற்குக் ‘குளம்’ என்று நம் பழைய சொற்பட்டியலில் இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘pool’ அப்படியே இறங்கிய சொல், நாற்காலி குளத்தில் கிடக்காது. ‘காலி இருக்கைகள்’ என்றால் துடைத்து வைத்தவை என்ற எண்ணம் வந்துவிடும், அவை துடைக்கப்படாதவை. மண்டபங்களில் மடக்கிச் சுவரோரம் சாய்த்து வைக்கும் நாற்காலிகளுக்கு உங்கள் ஊர்ப் பக்கம் ஏதாவது பெயர் இருந்தால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை பாடக் குறிப்பை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதுவரை அந்த இடத்தைக் கோடிட்டு விட்டு வைத்திருக்கிறேன்.