புதுப்பிப்பு: எங்கள் ஒழுங்கை மதகு, ஒரு வருடத்துக்குப் பிறகு

போன வருடம் எழுதியிருந்தேன்: 2023 மார்ச்சில் பிரதேச சபைகளின் காலம் முடிந்து, இரண்டு வருடத்துக்கு மேல் செயலாளர்களே எல்லாம் பார்த்தார்கள், 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகாவது திருகோணமலைப் பக்கம் எங்கள் ஊர் ஒழுங்கைக்கு விளக்கும், மழைத்தண்ணீர் அடியால் ஓட மதகும் வருமா என்று.

விளக்கு வந்துவிட்டது. மதகுதான் இழுபட்டது. வாயால் சொல்லிச் சொல்லிக் களைத்து, பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக் கடிதம் கொடுத்தோம், அதற்கும் பதில் இல்லாததால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டேன் (2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், தயவுசெய்து எல்லோரும் பயன்படுத்துங்கள்). அப்போதுதான் தெரிந்தது, எங்கள் ஒழுங்கை சபையின் வீதிப் பட்டியலிலேயே இல்லை! பட்டியலில் இல்லாத வீதிக்கு யார் காசு ஒதுக்குவார்கள்? எனக்கு அழுகையே வந்தது.

சரி, இப்போது சேர்த்துவிட்டார்கள். மாரிக்கு முன்பே தண்ணீர் போகும் பழைய குழாயை நாங்களே தோண்டினோம், பொச்சுமட்டையும் பொலித்தீனும் சேறோடு இறுகிக் கிடந்தன, மண்வெட்டி இறங்கவில்லை, கையால்தான் இழுத்தெடுத்தோம். இந்த முறை அக்காவின் வாசற்படிக்குத் தண்ணீர் ஏறவில்லை.

புது மதகுக்கு அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். வேலை தொடங்கியதும் படம் போடுகிறேன்.