கால்நடைச் சிகிச்சையகத்துக்குத் தொகுப்புக் காப்பீடு மட்டும் போதுமா?

கேள்வி:
வணக்கம். நாய், பூனைகளுக்கான சிகிச்சையகம் ஒன்றைத் தொடங்கவிருக்கிறேன். அறுவைச் சிகிச்சை அறை, எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் கருவிகள், இரவில் தங்கவைக்கப்படும் விலங்குகளுக்கான கூண்டறை ஆகியவை இருக்கும். தீ, திருட்டு, பொதுப் பொறுப்பு மூன்றும் அடங்கிய தொகுப்புப் பாலிசியே போதும் என்கிறார் முகவர். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டுமா?

பதில் 1:
எடுத்தே ஆக வேண்டும். ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவருக்கும், காத்திருப்பு அறையில் இன்னொருவரின் நாயிடம் கடிபட்டவருக்கும் நீங்கள் தர நேரும் இழப்பீட்டுக்கானதே பொதுப் பொறுப்புக் காப்பீடு. மயக்க மருந்தின் அளவு பிசகியதாலோ நோயைத் தவறாகக் கணித்ததாலோ எழும் வழக்குகள் தொழில்முறைப் பொறுப்பில்தான் வரும்.

இவை இரண்டுக்கும் நடுவில் பலர் கவனிக்காத ஓர் இடைவெளி உண்டு. விலங்கு என்பது சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் உரிமையாளரின் சொத்து. காப்பீடு எடுத்தவரின் பாதுகாப்பில் இருக்கும் பிறர் சொத்துக்கு நேரும் சேதத்தைப் பொதுப் பொறுப்புப் பாலிசிகள் வழக்கமாக விலக்கிவிடுகின்றன. ஆகவே, கூண்டுக் கதவு சரியாகச் சாத்தப்படாமல் ஒரு பூனை இரவில் தப்பியோடினால், அதைச் சிகிச்சைப் பிழை அல்ல என்று ஒரு நிறுவனமும், விலக்கில் அடங்கும் என்று மற்றொரு நிறுவனமும் கைவிரிக்கக்கூடும். பராமரிப்பில் உள்ள விலங்குகளுக்கான பிரிவு பாலிசியில் இருக்கிறதா, ஒரு விலங்குக்கான உச்சவரம்பு எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகவரின் வாய்மொழி உறுதி இழப்பீடு கோரும் நாளில் உதவாது.

பதில் 2:
மேலே சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். தொழில்முறைப் பொறுப்புப் பாலிசிகள் பல, கோரிக்கை எழும் காலத்தை அடிப்படையாகக் கொண்டவை. அதாவது, சிகிச்சை நடந்த நாளில் பாலிசி இருந்தால் மட்டும் போதாது, வழக்கு வரும் நாளிலும் அது நடப்பில் இருக்க வேண்டும். நிறுவனம் மாறும்போது பழைய முன்தேதியை, அதாவது எந்த நாள் முதல் நடந்த சிகிச்சைகளுக்குக் காப்பு உண்டோ அந்த நாளை, புதிய பாலிசியிலும் தொடரச் செய்யுங்கள். சிகிச்சையகத்தை மூடும்போது, அதன்பின் வரும் வழக்குகளுக்கான நீட்டிப்புக் காப்பு வாங்குங்கள். தற்காலிகமாக வரும் மருத்துவரும் பாலிசியில் அடங்குகிறாரா என்றும் பாருங்கள்.

பதில் 3:
கருவிகளை மறந்துவிடாதீர்கள். எக்ஸ்ரே இயந்திரம் உள்ளுக்குள்ளேயே பழுதடைந்தால் தீக் காப்பீடு பொதுவாக உதவாது. இயந்திரப் பழுது அல்லது மின்னணுக் கருவிக் காப்பீடு வேண்டும். மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தை மிச்சப்படுத்துவதும் வீண். சராசரி விதி உள்ள பாலிசியில், உண்மை மதிப்பில் 60 சதவீதத்துக்கே காப்பீடு செய்திருந்தால், பகுதிச் சேதத்துக்கும் 60 சதவீதமே கிடைக்கும். தடுப்பூசிகள் பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டியவை என்பதால், குளிர்பதனம் நின்று அவை கெட்டுப்போவதற்கான காப்பையும் கேளுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. உதவியாளரை நாய் கடித்தால் அது பொதுப் பொறுப்பில் வருமா?

பதில் 1:
வராது; பணியாளர்களை அதிலிருந்து விலக்கியிருப்பார்கள். பணியாளர் இழப்பீட்டுக் காப்பீடு தனியானது, பல நாடுகளில் கட்டாயமும்கூட. கடியோடு, ரேபிஸ், எலிக்காய்ச்சல் போன்ற விலங்குவழி நோய்களும் அதில் அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.