இரவு 2 மணிக்கான தாள்: வீட்டில் இறுதிக்காலப் பராமரிப்பு, அனுபவப் பகிர்வு

இல்லப் பராமரிப்புச் செவிலியர், தொடக்கப் பதிவு

இனிக் குணப்படுத்த வழியில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளியோடு ஒரு பை மாத்திரையும் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டும் வரும். சீட்டில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம். நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு வலி வந்தால் எதை, எவ்வளவு கொடுப்பது, அதற்கும் கேட்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதற்குக் கட்டமே இருக்காது. கடைசி நாள்களில் அலறியடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடுகிற வீடுகளில் பெரும்பாலும் மருந்துக்குக் குறை இருப்பதில்லை. அந்த நாலாவது கட்டம்தான் இருப்பதில்லை.

அதனால் முதல் நாளே ஒரு தாள் எழுதிக் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். நோயின் பெயர், ஸ்கேன் விவரம் எதுவும் அதில் வேண்டாம். வலி கூடினால் எந்த பாட்டில், எத்தனை மில்லி, எவ்வளவு நேரம் பார்த்துவிட்டு மறுபடி. மூச்சுத் திணறினால் என்ன. வாந்தி நிற்காவிட்டால் என்ன. புத்தி தடுமாறிக் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தால் என்ன. கீழே, இரவிலும் எடுப்பார்கள் என்று உறுதியான ஒரு போன் நம்பர். கடைசி வரியில், மூச்சு நின்றுவிட்டால் யாருக்குச் சொல்வது. அந்த வரியை எழுதும்போது வீட்டார் முகம் வாடும். ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

தாளில் உள்ள மருந்து வீட்டிலும் இருக்க வேண்டும். வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மார்ஃபின், பதற்றத்துக்கு மிடாசோலாம், குமட்டலுக்கும் மனக்குழப்பத்துக்கும் ஹாலோபெரிடால், தொண்டைச் சளிச் சத்தத்துக்கு ஹயோசின் பியூட்டைல்புரோமைடு. இந்த நான்கும், தோலடியில் போட மெல்லிய பட்டர்ஃபிளை ஊசியும், அளவு எழுதிய சீட்டும் ஒரே டப்பாவில் இருந்தால் இரவின் பாதிப் பயம் அடங்கும்.

நோயாளி தவிப்பதெல்லாம் வலி அல்ல என்பதற்கு ஒன்று சொல்கிறேன். புரோஸ்டேட் புற்றுநோயாளி ஒருவர், இரண்டு நாளாகவே அரை மயக்கம். திடீரென்று போர்வையை இழுக்கிறார், முனகுகிறார், காலை மடக்கி நீட்டுகிறார். வலிதான் என்று வீட்டார் கூடுதல் மார்ஃபின் இரண்டு முறை கொடுத்துவிட்டார்கள். தொப்புளுக்குக் கீழே கை வைத்தால் வயிறு பம்மென்று இறுகியிருந்தது. யூரின் ட்யூப் தொடைக்கு அடியில் மடங்கி நசுங்கிக் கிடந்தது. நேராக்கியதும் பை நிரம்பத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் முகச் சுருக்கம் போய்த் தூங்கிவிட்டார். தாளில் “தவித்தால்” என்ற வரிக்குக் கீழே முதலில் எழுத வேண்டியது மருந்து அல்ல: ட்யூப் மடங்கியிருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, படுக்கை ஈரமா, காது மடல் மடிந்து அழுந்துகிறதா.

தணிப்புச் சிகிச்சை மருத்துவர்

சிஸ்டர் சொன்ன தாளில் வலிக்கான வரியில்தான் தவறு அதிகம். புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வழிமுறை வெளியிட்டது. அதில் இன்றுவரை மாறாதவற்றில் இரண்டு: முடிந்தவரை வாய்வழியாகக் கொடு, கடிகாரம் பார்த்துக் கொடு. வலித்தால் மட்டும் கொடுப்பது என்று வைத்தால் நோயாளி ஒவ்வொரு முறையும் வலியின் உச்சிக்குப் போய்த்தான் மருந்தைச் சந்திப்பார். அந்த உச்சியிலிருந்து இறக்குவதற்குத் தேவைப்படும் அளவும் அதிகம்.

சாதாரண மார்ஃபின் மாத்திரை அல்லது சிரப், வழக்கமாக 5 மி.கி., 4 மணி நேரத்துக்கு ஒரு முறை. முதியவர், மெலிந்தவர் என்றால் 2.5 மி.கி. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10, நள்ளிரவு தாண்டி 2. இரவு 10 மணி டோஸை இரட்டிப்பாகக் கொடுத்து நள்ளிரவு தாண்டிய 2 மணி டோஸை விட்டுவிடுவதும் உண்டு, தூக்கம் கெடாது. இடையில் பொத்துக்கொண்டு வரும் வலிக்கு ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு.

கணக்கு இப்படி. 4 மணிக்கொரு முறை 10 மி.கி. என்றால் நாளுக்கு 60. கூடுதல் டோஸ் 10. நேற்று மூன்று முறை கூடுதலாகத் தேவைப்பட்டது என்றால் மொத்தம் 90. இன்று முதல் வேளைக்கு 15, கூடுதல் டோஸும் 15. இதற்காகத்தான் ஒவ்வொரு கூடுதல் டோஸையும் நேரம் போட்டுக் குறிக்கச் சொல்கிறோம். “நேத்து ராத்திரி ரெண்டு மூணு தடவ குடுத்தோம் டாக்டர்” என்பதை வைத்து அளவு ஏற்ற முடியாது.

குமட்டல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும், தூக்கக் கலக்கம் இரண்டு மூன்று நாளில் தெளியும். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே மருந்தை நிறுத்திவிடுவார்கள். மலச்சிக்கல் மட்டும் போகாது. மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது சிறுநீரகம். அது சரியாக வேலை செய்யாதபோது மார்ஃபினின் கழிவுப் பொருள்கள் உடம்பில் தேங்கும். கை கால் வெடுக் வெடுக்கென்று துள்ளும், இல்லாத பூச்சியைப் பிடிக்கப் போவார், எழுப்பினாலும் எழ மாட்டார். வலி என்று நினைத்து அளவை ஏற்றினால் இன்னும் மோசமாகும். அங்கே அளவைக் குறைப்பது, இடைவெளியை நீட்டுவது, வேறு மருந்துக்கு மாற்றுவது என்று உடனே முடிவெடுக்க வேண்டும்.

எரிச்சல், ஷாக் அடிப்பது போன்ற வலி என்றால் அது நரம்பு வலி. அமிட்ரிப்டிலின் 10 மி.கி. இரவில், அல்லது காபாபென்டின் சேர்க்காமல் மார்ஃபினை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் தூக்கம்தான் கூடும்.

மருந்தாளுநர்

டாக்டர் மி.கி.யில் எழுதுகிறார், வீட்டில் மில்லியில் ஊற்றுகிறார்கள். ஆபத்து இந்த இடைவெளியில்தான். மார்ஃபின் திரவம் 5 மில்லியில் 10 மி.கி. உள்ளதும் வரும், ஒரே மில்லியில் 20 மி.கி. உள்ளதும் வரும். ஒன்றைவிட மற்றது பத்து மடங்கு. பாட்டில் மாறிய வாரம்தான் விபத்து நடக்கும் வாரம். புது பாட்டில் வந்ததும் தாளில் உள்ள மில்லிக் கணக்கை அடித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். ஊற்ற டீஸ்பூன் வேண்டாம். ஊசி இல்லாத வாய்வழி சிரிஞ்சில், எடுக்க வேண்டிய கோட்டுக்கு மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் பாட்டியும் சரியாக எடுப்பார்.

மெதுவாகக் கரையும் மார்ஃபின் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் உள்ளே போகும். விழுங்க முடியவில்லை என்ற நாளில் வீட்டார் முதலில் செய்வது இதைத்தான், அதனால் முன்பே சொல்ல வேண்டும்.

தோலில் ஒட்டும் வலி மருந்தான ஃபென்டனில் பேட்ச் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒட்டியதும் வேலை செய்யாது, 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். அதுவரை பழைய மருந்து தொடர வேண்டும். 72 மணிக்கொரு முறை மாற்றும்போது பழையதை எடுக்காமல் புதியதை ஒட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. பேட்ச் மேலேயே தேதியும் நேரமும் எழுதுங்கள். வெந்நீர்ப் பை, ஹீட்டிங் பேட், கடும் காய்ச்சல் எல்லாம் மருந்தைத் தோல் வழியாக வேகமாக உள்ளே அனுப்பும். எடுத்த பிறகும் தோலடியில் தேங்கிய மருந்து பல மணி நேரம் இறங்கிக்கொண்டிருக்கும். கழற்றிய பேட்சிலும் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும். நாளுக்கு நாள் ஏறி இறங்கும் வலிக்குப் பேட்ச் சரிவராது, நிலைப்பட்ட வலிக்குத்தான் அது.

புண் பராமரிப்புச் செவிலியர்

மலச்சிக்கல் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். “மலச்சிக்கல் போயிடுச்சு, இப்ப தண்ணியாப் போகுது” என்றால் சந்தோஷப்பட வேண்டாம். கெட்டியான மலம் அடைத்திருக்க, அதன் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசிவதாக இருக்கலாம். அப்போது வயிற்றுப்போக்கு மாத்திரை கொடுத்தால் அடைப்பு இறுகும். ஆசனவாயில் விரல் வைத்துப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது. மூன்று நாள் போகவில்லை என்றால் நாலாம் நாள் வரை காத்திருக்காதீர்கள். நார்ச்சத்துத் தூள் இவர்களுக்குப் பொருந்தாது. தண்ணீர் குடிக்க முடியாதவரின் குடலில் அது களிமண்ணாகிவிடும்.

புற்றுப்புண்ணின் நாற்றம் நோயாளியைத் தனிமைப்படுத்துவது போல வலிகூடத் தனிமைப்படுத்தாது. மார்பகப் புண் உள்ள ஒரு பெண்மணி பேரக்குழந்தையை அறைக்குள் வர விடாமல் இருந்தார். அந்த நாற்றம் பிராணவாயு இல்லாமல் வளரும் பாக்டீரியாவால் வருவது. சலைன் ஊற்றிக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாகப் பொடித்துத் தூவி அல்லது ஜெல் தடவி மூடினால் சில நாளில் குறையும். அவருக்குக் குறைந்தது. பேரன் கட்டிலில் ஏறி உட்கார்ந்தான். ஒட்டிய கட்டுத் துணியை வறட்டென்று பிய்க்கக்கூடாது, சலைனில் ஊறவிட்டு எடுக்க வேண்டும். கட்டு மாற்றுவதற்குச் சற்று முன்பே வலி மருந்தின் கூடுதல் டோஸ் கொடுத்துவிட வேண்டும்.

பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் உள்ள புண் என்றால் கட்டில் அடியில் அடர்நிறத் துண்டுகள் நாலைந்து வைத்திருங்கள். வெள்ளைத் துணியில் ரத்தம் பார்ப்பது நோயாளியையும் வீட்டையும் குலைத்துவிடும். கழுத்துப் புண் போன்ற இடத்தில் பெருக்கெடுத்தால், பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்வதுதான் முதல் வேலை. மருத்துவர் முன்பே அளவு குறித்து வைத்த மிடாசோலாம் இரண்டாவது.

படுக்கைப்புண்ணுக்கு இரண்டு மணிக்கொரு முறை திருப்புவது, முழுப் பக்கவாட்டில் அல்ல, முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில். குதிகால் மெத்தையைத் தொடாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை. காற்று வளையம் வேண்டாம், சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அது நெரிக்கும். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்.

தணிப்புச் சிகிச்சை மருத்துவர்

மருத்துவமனைக்கு ஓடவே கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒன்று. முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோயில் புதிதாக முதுகுவலி வந்து, இருமினால் கூடி, கால் தளர்ந்தாலோ சிறுநீர் அடைபட்டாலோ அது தண்டுவட அழுத்தமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் தொடங்கிக் கதிர்வீச்சோ அறுவையோ தாமதமில்லாமல் பார்க்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும்போதே பிடித்தால் நடை மிஞ்ச வாய்ப்புண்டு. கால் விழுந்த பிறகு அது திரும்புவது அரிது. படுத்த படுக்கையாகாமல் இருப்பதும் தணிப்புச் சிகிச்சைதான். தாளில் இதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

மூச்சுத் திணறலுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் தேடி அலைவதற்கு முன் விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு பாருங்கள். குறையவில்லை என்றால் சிலிண்டரால் பெரிய பயன் இல்லை. சின்ன மின்விசிறியை முகத்துக்கு ஓரடிக்குள் பிடித்து மூக்கிலும் கன்னத்திலும் காற்று படும்படி விடுங்கள். முன்னே சாய்த்து உட்காரவைத்து மேசையில் தலையணை போட்டுக் கை ஊன்றச் சொல்லுங்கள். அறையில் கூட்டத்தைக் குறையுங்கள். மார்ஃபின் 2.5 மி.கி. போன்ற சிறு அளவு மூச்சுத் திணறல் உணர்வைக் குறைக்கும்.

ஆற்றுப்படுத்துநர்

“அவருக்குத் தெரியக்கூடாது, சொல்லிடாதீங்க.” பெரும்பாலும் வாசலிலேயே இது வந்துவிடும். அந்த இடத்தில் வாதாட வேண்டாம். சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள் என்று கேளுங்கள். அன்பும் குற்ற உணர்வும் கலந்து வெளியே வரும். பிறகு, “நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். அவர் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன்” என்று ஒப்பந்தம். நோயாளியிடம் கேள்வியாகவே தொடங்கலாம்: “உங்க உடம்பைப் பத்தி என்ன நினைக்கிறீங்க? எல்லா விவரமும் தெரிஞ்சுக்கணும்னு தோணுதா, இல்ல வீட்டில யாராவது பார்த்துக்கட்டுமா?” பலர் தங்களுக்குத் தெரிந்ததை வீட்டாரிடம் மறைத்துக்கொண்டிருப்பார்கள், வீட்டார் அவரிடம் மறைப்பது போலவே. லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது இறுதிக்கால நோயாளிகளுக்கான இல்லத்தை, தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ‘முழுமை வலி’ என்றது உடல், மனம், உறவு, ஆன்மா நாலும் சேர்ந்ததை. மகளின் கல்யாணக் கடனை யாரிடமும் சொல்ல முடியாதவருக்கு மார்ஃபின் எவ்வளவு ஏற்றினாலும் இரவில் தூக்கம் வராது.

அடுத்தது சாப்பாடு. “பட்டினி போட்டுக் கொல்றோமோ” என்று மனைவி அழுவார். உடல் அடங்கும் கட்டத்தில் பசி பெரும்பாலும் இருக்காது. கேட்டால் தருவோம், திணிக்க மாட்டோம் என்று சொல்லுங்கள். ஊட்டிக்கொண்டிருந்த கைக்கு வேறு வேலை கொடுங்கள்: உதட்டை நனைப்பது, பாதத்தில் எண்ணெய் தடவுவது.

இல்லப் பராமரிப்புச் செவிலியர்

சரியான நேரத்தில் வந்தது அந்த உதட்டுப் பேச்சு. கடைசி நாள்களில் ட்ரிப்ஸ் ஏற்றினால் அது பெரும்பாலும் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும்தான் நிற்கும். அவர் தாகம் என்பது வாய் வறட்சி. விழித்திருக்கும்போது மணிக்கொரு முறையாவது, மென்மையான பிரஷ் அல்லது ஈரத் துணி சுற்றிய விரல், பிறகு உதட்டுக்கு வாஸ்லின். செயற்கைப் பல் இருந்தால் கழற்றிவிடுங்கள். நாக்கில் வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு.

விழுங்குவது நின்றதும் வாய்வழி மருந்தைத் தோலடிக்கு மாற்ற வேண்டும். மார்ஃபினுக்குப் பொதுக் கணக்கு, வாய்வழி அளவில் பாதி: நாளுக்கு 60 மி.கி. வாயில் என்றால் தோலடியில் 30. ஊசியைக் காறையெலும்புக்குக் கீழோ மேற்கையிலோ குத்தி ஒட்டிவிட்டால், சிவப்போ தடிப்போ வராதவரை சில நாள் தாங்கும். வீட்டார் தாங்களே கொடுக்கக் கற்றுக்கொள்வார்கள்.

மூச்சு விட்டு விட்டு வரும், நடுவில் நீண்ட இடைவெளி விழும். முழங்காலில் ஊதா நிறத் திட்டுகள் தெரியும். தொண்டையில் கரகரப்புச் சத்தம் கேட்கும். கேட்பவருக்குத்தான் அது தாங்க முடியாதது. மயக்கத்தில் இருப்பவருக்கு அது துன்பம் தருவதாகத் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையைச் சற்று உயர்த்துங்கள். ஹயோசின் பியூட்டைல்புரோமைடு 20 மி.கி. தோலடியில் போட்டால் புதிதாக ஊறுவது குறையும், ஏற்கெனவே தேங்கியது போகாது. அதனால் சத்தம் தொடங்கியதுமே போட வேண்டும். ஆழமாகக் குழாய் விட்டு உறிஞ்சுவது தொந்தரவு மட்டுமே.

மூச்சு நின்ற பிறகு அவசரமாகச் செய்ய எதுவும் இல்லை. தாளின் கடைசி வரியில் உள்ள நம்பரைக் கூப்பிடுங்கள், மருத்துவர் வந்து உறுதி செய்யட்டும். பேட்ச் ஒட்டியிருந்தால் உறுதி செய்த பிறகு கழற்றி மடியுங்கள். மார்ஃபின் பாட்டிலில் மீதி எத்தனை மில்லி என்று எழுதி, கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.