குக்கீ பேனரில் ஒரு ‘சரி’ பொத்தான் போதுமா? எந்த நாட்டுச் சட்டம் நம் தளத்துக்குப் பொருந்தும்?

கயல்:
வணக்கம். புகைப்படக்கலை பற்றி ஒரு சின்னத் தளம் நடத்துகிறேன். சர்வர் செலவுக்காக கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் போட்டிருக்கிறேன், எந்தக் கட்டுரையை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று பார்க்க கூகுள் அனலிடிக்ஸ். பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து படிக்கிறார்கள். இவை வாசகரின் பிரவுசரில் குக்கீ எனும் சிறு தகவல் துணுக்குகளைச் சேமிக்கின்றன. கீழே ஒரு பேனர் இருக்கிறது, ‘இந்தத் தளம் குக்கீகளைப் பயன்படுத்துகிறது, தொடர்ந்து படித்தால் ஒப்புக்கொண்டதாகக் கருதுவோம்’ என்று எழுதி, பக்கத்தில் ‘சரி’ என ஒரே ஒரு பொத்தான். இது செல்லாது என்று ஒரு வாசகர் மெயில் அனுப்பினார். ஐரோப்பாவில் கம்பெனி வைத்திருப்பவர்களுக்குத்தானே அந்தச் சட்டமெல்லாம் என்கிறார் இன்னொரு நண்பர். யார் சொல்வது சரி? அப்புறம், நான் யாருடைய பெயரோ மெயிலோ கேட்பதே இல்லை, அப்படியிருந்தும் இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

மருதன்:
மெயில் அனுப்பியவர் சொன்னதுதான் சரி. ஐரோப்பாவில் இரண்டு சட்டங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன, பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். குக்கீ போடுவதற்கு முன் கேள் என்று சொல்வது ஜிடிபிஆர் (ஐரோப்பாவின் தனிநபர்த் தகவல் பாதுகாப்புச் சட்டம்) இல்லை, 2002இல் வந்து 2009இல் திருத்தப்பட்ட இ-பிரைவசி டைரக்டிவ். ஒருவருடைய போனிலோ கணினியிலோ நீங்கள் எதையாவது சேமித்தாலும், அங்கே ஏற்கெனவே இருப்பதை எடுத்துப் படித்தாலும், முதலில் அவருடைய ஒப்புதல் வேண்டும் என்கிறது அதன் 5(3) பிரிவு. அவர் கேட்ட சேவையைக் கொடுக்கவே தேவைப்படும் குக்கீகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. லாகின் செய்ததை நினைவில் வைப்பது, கூடையில் போட்ட பொருளை நினைவில் வைப்பது போன்றவை அதில் வரும். விளம்பரக் குக்கீ எந்த விளக்கம் சொன்னாலும் அதில் வராது.

அந்த ஒப்புதல் எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் 2018 மே 25 முதல் ஜிடிபிஆர் சொல்கிறது. கட்டாயமில்லாமல், எதற்கு என்று தெரிந்து, தானே செய்த ஒரு செயலால் கொடுத்ததாக இருக்க வேண்டும். ‘தொடர்ந்து படித்தால் ஒப்புக்கொண்டதாகக் கருதுவோம்’ என்பது அங்கேயே அடிபட்டுப் போகிறது. பெயரோ மெயிலோ கேட்காவிட்டாலும் பொருந்துமா என்ற உங்கள் கேள்விக்கும் நேரடியான பதில் இருக்கிறது. ஜெர்மனியில் ‘பிளானட்49’ என்ற நிறுவனம் ஒரு பரிசுப் போட்டிப் பக்கத்தில் குக்கீக்கான கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2019 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு வந்தது. முன்கூட்டியே போட்ட டிக் ஒப்புதல் ஆகாது, சேமிக்கப்படுவது தனிநபர்த் தகவலா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை, குக்கீ எவ்வளவு காலம் இருக்கும், வேறு யார் அதைப் பார்க்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆகவே பெயர் கேட்கவில்லை என்பது காப்பாற்றாது.

நண்பர் சொன்ன கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். நிறுவனம் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதோடு ஜிடிபிஆர் நிற்பதில்லை. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குப் பொருளோ சேவையோ தர நினைத்தாலும், அங்கே அவர்கள் செய்வதைக் கண்காணித்தாலும் வெளியே இருப்பவரையும் பிடிக்கும் என்கிறது மூன்றாவது பிரிவு. ஆளுக்கேற்ற விளம்பரம் போட ஒருவர் எந்தெந்தப் பக்கம் போகிறார் என்று தொடர்வதைக் கண்காணிப்பு இல்லை என்று வாதிடுவது கஷ்டம்.

‘சரி’ பொத்தான் மட்டும் வைத்து மறுக்க வழி வைக்காததுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. ஏற்க ஒரு கிளிக், மறுக்கப் பல கிளிக் என்று வைத்திருந்ததற்காகவே பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு அமைப்பான சிஎன்ஐஎல் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது, 2022 ஜனவரியில் அறிவித்தார்கள். உங்கள் பேனரில் அந்தப் பல கிளிக்குகூட இல்லை.

தென்றல்:
மருதன் சொன்னதோடு அமெரிக்காவையும் சேர்த்துப் பாருங்கள், அங்கே கணக்கே வேறு. கலிஃபோர்னியாவின் தனியுரிமைச் சட்டமான சிசிபிஏ (2020 ஜனவரி முதல்) பொதுவாக முன்கூட்டி ஒப்புதல் கேட்கச் சொல்வதில்லை, வேண்டாம் என்று சொல்லும் உரிமையைக் கொடுக்கிறது. ‘என் தகவலை விற்காதே, பகிராதே’ என்ற லிங்க் பல தளங்களின் அடியில் இருப்பது இதனால்தான். ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. ஆண்டு வருமானம் சுமார் இரண்டரைக் கோடி டாலரைத் தாண்ட வேண்டும், அல்லது 1,00,000 கலிஃபோர்னியக்காரர்களின் அல்லது குடும்பங்களின் தகவலை வாங்கவோ விற்கவோ பகிரவோ வேண்டும், அல்லது வருமானத்தில் பாதியாவது தகவலை விற்று, பகிர்ந்து வருவதாக இருக்க வேண்டும். சின்னத் தளம் பெரும்பாலும் இதற்குள் வராது.

அங்கே ‘விற்பது’ எவ்வளவு அகலமாகப் பார்க்கப்படுகிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். செஃபோரா என்ற அழகுசாதன நிறுவனம் 2022 ஆகஸ்டில் 12 லட்சம் டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டது. வாடிக்கையாளர் பட்டியலை யாருக்கும் காசுக்கு விற்றார்கள் என்பதல்ல புகார். தளத்தில் மற்ற நிறுவனங்களின் டிராக்கர்களை (வருபவர்களைப் பின்தொடரும் நிரல்களை) ஓட விட்டு, பதிலுக்கு விளம்பரத்திலும் அனலிடிக்ஸிலும் பலன் பெற்றதே விற்பனைதான் என்று கலிஃபோர்னிய அட்டர்னி ஜெனரல் சொன்னார். பிரவுசரிலிருந்தே ‘வேண்டாம்’ என்று அறிவிக்கும் குளோபல் பிரைவசி கன்ட்ரோல் சமிக்ஞையை அந்தத் தளம் கண்டுகொள்ளவில்லை என்பதும் புகாரில் இருந்தது.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரேசிலின் தகவல் பாதுகாப்புச் சட்டமான எல்ஜிபிடி, ஜிடிபிஆரின் வழியில் போகிறது. ஜப்பானில் 2023 ஜூன் முதல், பயனர் தகவல் எந்த வெளி நிறுவனத்துக்கு எதற்காகப் போகிறது என்பதைப் பல வகைச் சேவைகள் தெரியும்படி சொல்ல வேண்டும். இந்தியாவின் 2023 தனிநபர்த் தரவுச் சட்டத்தில் குக்கீ என்ற சொல்லே கிடையாது, ஆனால் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் போடுவதையும் தடுக்கிறது (சில விலக்குகள் உண்டு). அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது.

ஆதிரை:
எனக்கு இந்தப் பேனர் முறை மீதே நம்பிக்கை இல்லை. தினமும் எத்தனை தளத்தில் இதைத் தள்ளிவிட்டுப் படிக்க வேண்டியிருக்கிறது! யாரும் படிப்பதில்லை, கை தானாக ‘ஏற்கிறேன்’ மேல் போய்விடுகிறது, இதை ஒப்புதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரவுசரில் ஒரு தடவை சொன்னால் எல்லாத் தளமும் கேட்டாக வேண்டும், அதுதான் நியாயம். சஃபாரி 2020 மார்ச்சிலேயே மூன்றாம் தரப்பு குக்கீகளை (நாம் பார்க்கும் தளம் அல்லாத வேறு டொமைன்கள் போடுபவை) முழுதாகத் தடுத்துவிட்டது. குரோமும் இரண்டு ஆண்டில் எடுத்துவிடுவோம் என்று அதே ஆண்டு ஜனவரியில் சொன்னது, தள்ளித் தள்ளிப் போட்டு 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. பிரவுசரிலேயே விருப்பத்தைப் பதிவுசெய்து தளங்கள் அதை மதிக்க வேண்டும் என்ற யோசனையை ஐரோப்பிய ஆணையம் 2025 நவம்பரில் முன்வைத்திருக்கிறது. அது சட்டமாக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மருதன்:
ஆதிரை, சலிப்பு நியாயமானது, ஆனால் இத்தனை பேனரைச் சட்டம் கேட்கவில்லை. தேவையான குக்கீ மட்டும் வைத்திருக்கும் தளத்துக்கு ஒப்புதல் பேனரே தேவையில்லை. ஒரு பக்கத்தைத் திறந்தால் அந்த ஒரு விளம்பர இடத்துக்காக அரை நொடிக்குள் ஏலம் நடந்து, யார் பார்க்கிறார் என்ற விவரம் ஏலத்துக்கு வந்த எல்லா நிறுவனங்களுக்கும் போகிறது, தோற்றவர்களுக்கும் சேர்த்துத்தான். அதை விடாமல் வைத்துக்கொள்ளத்தான் இத்தனை பேனரும்.

குக்கீயை விட்டு ஃபிங்கர்பிரின்டிங் (கருவியின் அமைப்புகளை வைத்து ஆளை அடையாளம் காண்பது), பிக்சல் (கண்ணுக்குத் தெரியாத கண்காணிப்புப் படம்) என்று போனாலும் தப்ப முடியாது. 5(3) பிரிவு குக்கீ என்று பெயர் சொல்லி எழுதப்பட்டதல்ல, கருவியில் இருக்கும் தகவலை எடுப்பதைப் பற்றியது.

செழியன்:
கயல், இப்போதே ஒன்று செய்து பாருங்கள். பிரைவேட் விண்டோவில் உங்கள் தளத்தைத் திறப்பதற்கு முன் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வையுங்கள். பக்கம் வந்ததும் பேனரில் எதையும் தொடாதீர்கள். அனலிடிக்ஸுக்கும் விளம்பர டொமைன்களுக்கும் ரிக்வெஸ்ட் போகிறதா என்று பாருங்கள், அப்புறம் குக்கீகள் பட்டியலையும் பாருங்கள்.

கயல்:
பார்த்தேன். பேனர் திரையில் வருவதற்கு முன்பே அனலிடிக்ஸ் குக்கீ உட்கார்ந்துவிட்டது, காலாவதிக்கு ஒரு வருடத்துக்கும் மேல் இருக்கிறது. விளம்பர டொமைன்களுக்கும் வரிசையாகப் போகிறது. பேனர் எதையுமே தடுக்கவில்லை. வாசகர்களிடம் இப்படி நடந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை, எங்கே தொடங்குவது?

செழியன்:
ஸ்கிரிப்டிலிருந்து தொடங்குங்கள், பேனரின் வாசகத்தை அப்புறம் பார்க்கலாம். ஒப்புதல் வரும் வரை அனலிடிக்ஸ், விளம்பரம் இரண்டின் ஸ்கிரிப்டும் (பக்கத்தோடு ஓடும் நிரல்) லோடே ஆகக் கூடாது. எத்தனை பேர் படித்தார்கள் என்பது மட்டும்தான் வேண்டுமென்றால் குக்கீ இல்லாத அனலிடிக்ஸ் கருவிகள் இருக்கின்றன, உங்கள் சர்வர் லாக்கே (யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்ற பதிவு) பாதி பதிலைச் சொல்லும். ஆட்சென்ஸை வைத்துக்கொள்வதாக இருந்தால், ஐரோப்பிய, பிரிட்டன் வாசகர்களுக்கு ஆளுக்கேற்ற விளம்பரம் காட்ட கூகுள் சான்றளித்த ஒப்புதல் கருவி வேண்டும் என்பது 2024 ஜனவரியிலிருந்து அவர்கள் போட்டிருக்கும் நிபந்தனை. அதாவது சட்டம் உங்கள் வாசல் வரை வருகிறதோ இல்லையோ, ஒப்பந்தம் வந்துவிட்டது. ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ இரண்டும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், முதல் திரையிலேயே இருக்கட்டும். பக்கத்தின் அடியில் ‘குக்கீ விருப்பங்கள்’ என்று நிரந்தரமாக ஒரு லிங்க் வையுங்கள், ஏனென்றால் கொடுத்த ஒப்புதலைத் திரும்ப எடுப்பதும் கொடுத்த அளவுக்கே எளிதாக இருக்க வேண்டும் என்பது ஜிடிபிஆர் 7(3). ஒருவர் அதில் மறுத்தால் ஏற்கெனவே போட்ட உங்கள் தளத்துக் குக்கீகளையும் அழித்துவிடுங்கள், புதிதாகப் போடாமல் விட்டால் மட்டும் போதாது. முடித்துவிட்டு அதே பிரைவேட் விண்டோ சோதனையை ‘மறுக்கிறேன்’ அழுத்தி இன்னொரு தடவை செய்து பார்த்து இங்கே போடுங்கள், ஏதாவது கசிந்தால் எந்த ஸ்கிரிப்ட் என்று சேர்ந்து தேடலாம்.