கிட்டாரில் தனக்கென ஓர் ஒலி: விரலிலா, கருவியிலா?

மஞ்சக்குப்பத்தான் (கடலூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருமண மண்டபங்களில் வாசிக்கும் மெல்லிசைக் குழு ஒன்றில் லீட் கிட்டார் வாசிக்கிறேன். அண்மையில், கிட்டார் ஒலியைப் பலவிதமாக மாற்றித் தரும் மல்டி எஃபெக்ட்ஸ் பிராசஸர் ஒன்று வாங்கினேன். அதில் பெரிய கலைஞர்களின் ஒலியை ஒட்டி முன்கூட்டியே அமைத்து வைத்த பிரீசெட்டுகள் ஏராளம். வீட்டில் ஹெட்ஃபோனில் இனிமையாகக் கேட்பவை, மேடையில் கீபோர்டும் பேஸ் கிட்டாரும் சேர்ந்தவுடன் காணாமல் போய்விடுகின்றன. அதைவிடப் பெரிய குறை, எதைப் போட்டாலும் வேறு யாரோ வாசிப்பதைப் போல இருக்கிறதே தவிர, என் வாசிப்பு என்று அடையாளம் சொல்ல எதுவும் இல்லை என்பதுதான். சிலரை நான்கு சுரம் கேட்டவுடனேயே இன்னார் என்று கண்டுகொள்கிறோமே, அந்தத் தனித்தன்மை கையிலிருந்து வருகிறதா, கருவியிலிருந்தா? அடுத்து ஒரு ட்யூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய் கொண்ட ஒலிபெருக்கி) வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

முத்தியால்பேட்டை ஆசிரியர் (புதுச்சேரி) எழுதியது:

தம்பி, ஆம்ப் வாங்குவதைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். பிராசஸரைக் கழற்றிவிட்டுக் கிட்டாரை நேராக ஆம்பில் செருகி, ஒரே ஒரு சுரத்தை மட்டும் வாசித்துப் பாருங்கள். பிரிட்ஜை (உடற்பகுதியில் கம்பிகளைத் தாங்கும் பாலம்) ஒட்டி மீட்டினால், சுரத்தோடு சேர்ந்தெழும் மேல் இசைக்கூறுகள் ஓங்கி ஒலி கூர்மையாகும். அங்கிருந்து கழுத்துப் பக்கம் கை நகர நகர அதே சுரம் உருண்டு மென்மையாகும். பிக்கை (மீட்டும் சில்லு) எவ்வளவு சாய்க்கிறீர்கள், எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறீர்கள் என்பதற்கேற்பவும் மாறும். டயர் ஸ்ட்ரெயிட்ஸ் குழுவின் மார்க் நாப்ஃப்ளர் பிக்கையே ஒதுக்கிவிட்டுக் கட்டைவிரலாலும் அடுத்த இரு விரல்களாலும் கம்பியைச் சுண்டுபவர். ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங், கம்பி மேல் குழாயை வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு முறை வராததால் அதில் எழும் நடுக்கத்தை இடக்கை விரலால் கொண்டுவர முயன்றதாகத் தாமே சொல்லியிருக்கிறார். அவருடைய வைப்ரேட்டோ (சுரத்தை நடுங்க வைப்பது) பிறந்தது அப்படித்தான்.

நம் காதிலோ கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, ஏற்கெனவே ஊறியிருக்கிறது. கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னா, ஃப்ரெட்டுகளுக்கு (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டைகள்) நடுவே உள்ள அசைவுகளைக் கம்பியை இழுத்தும் வழுக்கியும் கொண்டுவருவதைக் கவனித்துக் கேளுங்கள். நீங்கள் வாசிக்கும் மண்டபங்களிலேயே முகூர்த்தத்துக்கு நாகஸ்வரம் வாசிக்கிறார்கள். பல ராகங்களில் அவர்கள் காந்தாரத்தை நேராகத் தொடுவதில்லை, கீழிருந்து அசைத்து ஏறி வந்து நிற்கிறார்கள். அந்த ஏற்றத்தின் வேகத்தை ஒரே கம்பியில் பிடிக்கப் பழகினால், எந்தப் பிரீசெட்டிலும் இல்லாத ஒன்று உங்கள் கையில் சேரும்.

ரெட்டியார்பாளையம் ரிப்பேர் (புதுச்சேரி) எழுதியது:

ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனாலும் கருவியை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. குயீன் குழுவின் பிரையன் மே தம் தந்தையோடு சேர்ந்து 1963-இல் செய்யத் தொடங்கிய கிட்டாரையும், வாக்ஸ் ஏசி30 ஆம்பையும், பிக்குக்குப் பதிலாக அவர் பிடிக்கும் ஆறு பென்ஸ் நாணயத்தையும் நீக்கிவிட்டால் அந்த ஒலி அதுவாக இருக்காது. கவனிக்க வேண்டியது, அவர் ஆம்பை உச்சத்தில் வைத்துவிட்டு, ஒலி தெளிவாக வேண்டுமா, கரகரப்பாக வேண்டுமா என்பதைக் கிட்டாரிலுள்ள வால்யூம் குமிழாலேயே தீர்மானிக்கிறார் என்பதுதான்.

உங்கள் சிக்கலும் இங்கேதான் என்று நினைக்கிறேன். கெயினை (ஒலியைப் பெருக்கிக் கரகரப்பாக்கும் அளவு) ஏற்ற ஏற்ற, மெல்லத் தொட்டதும் ஓங்கி மீட்டியதும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வந்துவிடும். விரலின் வேறுபாடு கேட்பவரை எட்டவே எட்டாது. கெயினைப் பாதியாகக் குறைத்து, மென்மையாக வாசித்தால் தெளிவாகவும் அழுத்தினால் சற்றே கரகரப்பாகவும் ஒலிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். மேடையில் காணாமல் போவதற்கு, பேஸும் (தாழ்ந்த ஒலி) ரிவெர்பும் (எதிரொலிப்பு) மிகுந்து மிட் (நடுத்தர ஒலி) குறைந்த பிரீசெட்டுகளே பெரும்பாலும் காரணம். மிட்டை ஏற்றினால் தனியாகக் கேட்கும்போது மூக்கடைத்தது போல் இருக்கலாம், குழுவோடு சேர்ந்தால் சரியாக உட்காரும்.

கடற்காற்றையும் மறக்காதீர்கள். நம் இரண்டு ஊர்களிலும் கம்பி சீக்கிரம் துருப்பிடித்து மேல் ஒலி மங்கிவிடுகிறது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள், முடிந்தால் பூச்சுள்ள கம்பி போடுங்கள். இன்னொன்று, சீரியல் லைட்டுக்குக் கொடுத்த இணைப்பிலேயே ஆம்பையும் செருகாதீர்கள். கிட்டாரில் கம்பியின் அதிர்வை மின்னொலியாக்கும் பிக்கப், ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் வகை என்றால், விளக்கின் மின் இரைச்சலையும் சேர்த்து வாசிக்கும்.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

இருவருக்கும் நன்றி. கெயினைக் குறைத்ததும் என் வலக்கை எவ்வளவு சீரற்று விழுகிறது என்பது வெட்டவெளிச்சமாகிவிட்டது! கம்பியைப் பற்றி ஓர் ஐயம்: கனமான கம்பி போட்டால்தான் ஒலி தடிக்கும் என்று குழுவில் சொல்கிறார்களே, அது சரியா?

முத்தியால்பேட்டை ஆசிரியர் எழுதியது:

ப்ளூஸ் கலைஞர் ஸ்டீவி ரே வான், மிக மெல்லிய கம்பியே 0.013 அங்குலம் கனமுள்ள செட்டை அரைச் சுரம் இறக்கி வாசித்தார்; அதை வைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமியோ தொழிற்சாலை விபத்தில் இரு விரல்நுனிகளை இழந்தவர். அழுத்த எளிதாக இருக்கும் என்று மெல்லிய கம்பியைத் தேடிப் போனார், அவர் ஒலியை யாரும் மெலிந்தது என்று சொன்னதில்லை. கமகத்துக்குக் கம்பியை நீளமாக இழுக்க வேண்டும், ஆகவே 0.009 அல்லது 0.010 செட்டே உங்களுக்குப் போதும். கனம் மாற்றினால் கழுத்தின் வளைவையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.